காரைக்குடியில் ஒரு டிரான்ஸ்ஃபர் ஆலோசகர்: 16 வயதில் அமெரிக்கா போன பேத்திக்காக நாங்கள் நாடிய இடம்

பிள்ளையை முதலில் அமெரிக்காவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரி) சேர்த்துவிட்டு, இரண்டு வருஷம் கழித்துப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கும் பெற்றோர், தாத்தா பாட்டிகளுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளைக்கு இன்னும் 18 நிறையவில்லை என்றால் கட்டாயம் முழுதாகப் படியுங்கள்.

காரைக்குடி செக்காலைப் பக்கம் ஓர் ஆச்சி தன் வீட்டிலேயே இந்த ஆலோசனையை நடத்துகிறார். போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. பெயரையும் நம்பரையும் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அமெரிக்கப் படிப்புக்கு வழி சொல்லும் ஆச்சி என்று விசாரித்தால் வீட்டைக் காட்டிவிடுவார்கள். கலிபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் பல வருஷம் மாணவர் ஆலோசகராக இருந்தவர்; வயதான தாயாரைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பியவர். இவரிடம் கொடுத்த பணம் எங்களுக்கு முழுக்கத் தகும். குறைகளும் உண்டு, அவற்றையும் கீழே சொல்கிறேன்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், ஊர் பள்ளத்தூர். மகள் வயிற்றுப் பேத்தி எங்களோடு இருந்துதான் படித்தாள். மாப்பிள்ளைக்குக் கோலாலம்பூரில் வேலை. பேத்தி பத்தாவது முடித்த கையோடு 2023 செப்டம்பரில், 16 நிறைந்த சூட்டோடு, சியாட்டில் பக்கத்துக் காலேஜ் ஒன்றில் சேர்ந்தாள். அது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். வாஷிங்டன் மாநிலத்துக் கம்யூனிட்டி காலேஜ்கள் பலவற்றில் 16 வயது நிறைந்த வெளிநாட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, அங்கத்திய பள்ளி இறுதிச் சான்றிதழையும் இரண்டாண்டு அசோசியேட் பட்டத்தையும் சேர்த்தே முடிக்க விடுகிறார்கள். இங்கே கூடப் படித்த பிள்ளைகள் பிளஸ் டூ முடித்துக் கவுன்சலிங்குக்கு நிற்கும்போது, அங்கே பிள்ளை பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டு வாசலில் நிற்கும். மாப்பிள்ளையின் தம்பி அந்த ஊரிலேயே இருப்பதால் கார்டியன் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டார்.

சேர்த்துவிட்டது வெளியூர் ஏஜென்சி ஒன்று. எங்களிடம் பணம் எதுவும் வாங்கவில்லை. இந்த ஏஜென்சிகளுக்குப் பெரும்பாலும் சேர்க்கிற காலேஜ்தான் கமிஷன் தருகிறது. பிள்ளை அங்கிருந்து மேலே எங்கே போகிறது என்பதில் அவர்களுக்கு ஆதாயம் இல்லை. அதனால் அக்கறையும் குறைந்துபோகிறது. "எந்த அசோசியேட் டிகிரியும் டிரான்ஸ்ஃபர் ஆகும் சார், நிறைய கிரெடிட் எடுக்கச் சொல்லுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று போனில் சொன்னார்கள். பேத்தியும் முதல் குவார்ட்டரிலேயே, அதாவது ஏறத்தாழ மூன்று மாதப் பருவத்தில், 20 கிரெடிட் (பாட அலகு) எடுத்துப் படித்தாள். டிசம்பர் விடுமுறைக்கு வந்தபோது பிள்ளை பாதியாக இளைத்திருந்தாள். அப்போதுதான் உறவில் ஒருவர் சொல்லி இந்த ஆச்சியிடம் போனோம்.

பழைய வளவு வீடு. முகப்பைத் தாண்டிப் பட்டாலையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு லேப்டாப், மேஜை மேல் சிவப்புத் துணி அட்டை போட்ட நீளமான நோட்டு. அந்தக் காலத்துப் பேரேடு பார்த்திருப்பவர்களுக்கு அதன் அளவு புரியும். எங்களை உள்கட்டில் உட்கார்ந்து காபி சாப்பிடச் சொல்லிவிட்டு, "ஆத்தா, நீ வா, நீ சொல்லு, என்ன படிக்கணும்?" என்று பேத்தியை மட்டும் உட்கார வைத்துக்கொண்டார். பெரியவர்களை முதலில் வெளியே அனுப்பும் வழக்கத்தை மகள் அவ்வளவாக விரும்பவில்லை. எனக்கு அது சரியாகவே பட்டது. கடன் கேட்டு வருகிறவரையும் ஜாமீன்காரரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டால் உண்மை பாதிதான் வரும்.

எங்களைக் கூப்பிட்டபோது நோட்டில் ஒரு பக்கம் நிறைந்திருந்தது. நான்கு கட்டம். முதல் கட்டத்தில் பேத்தி எடுத்த பாடம், இரண்டாவதில் கிரெடிட், மூன்றாவதில் அது எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடத்துக்குச் சமம், நான்காவதில் அந்தத் துறையில் சேர அது வேண்டுமா வேண்டாமா. நான்காவது கட்டத்தில் பாதிக்கு மேல் சிவப்பு மை. ஆச்சி விரலை அதில் வைத்துச் சொன்னார்: "அண்ணே, கிரெடிட் போகும், தேவை தீராது. இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுத்தான் எல்லாரும் ஏமாந்து போறாங்க."

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பணத்தையும் பிள்ளையின் ஒரு வருஷத்தையும் காப்பாற்றியது இந்த ஒரு பக்கம்தான். பேத்திக்குக் கெமிக்கல் இன்ஜினியரிங் வேண்டும். முதல் குவார்ட்டரில் அவளைச் சேர்த்திருந்தது கெமிஸ்ட்ரி 121. அது நர்சிங் போகிற பிள்ளைகளும் எடுக்கும் அறிமுகப் பாடம். இன்ஜினியரிங்குக்கு வேண்டியது 161, 162, 163 என்று மூன்று குவார்ட்டர் ஓடும் தொடர். சியாட்டிலில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகமான வாஷிங்டன் யுனிவர்சிட்டியில் அந்தத் தொடருக்குச் சமமானவை 142, 152, 162. கணக்கில் 151இல் தொடங்கும் கால்குலஸ் தொடர், பிறகு கால்குலஸோடு சேர்ந்த இயற்பியல். ஒன்று முடித்தால்தான் அடுத்தது எடுக்க முடியும். ஒரு குவார்ட்டர் தவறினால் கடைசியில் ஒரு வருஷம் தள்ளிப்போகும், ஏனென்றால் அடுத்த பாடம் எல்லாக் குவார்ட்டரிலும் நடக்காது. இன்னொன்றும் சொன்னார். ஒரு தொடரை ஆரம்பித்த காலேஜிலேயே முடிக்க வேண்டும். பாதி இங்கே, பாதி அங்கே என்று பிரித்தால் ஒரு பாடத்தில் படித்தது இரண்டு தடவை வரும், வேறொன்று விட்டே போகும்.

பட்டத்தின் பெயரிலும் ஏமாற இடம் இருக்கிறது. அந்த மாநிலத்தில் டி.டி.ஏ. என்ற பொதுவான டிரான்ஸ்ஃபர் பட்டம் இருக்கிறது. கலை, சமூக அறிவியல் போகிறவர்களுக்கு நல்லது. ஆனால் அதில் பொதுப் பாடங்களே இடத்தை அடைத்துக்கொள்ளும், இன்ஜினியரிங் முன்பாடங்களுக்கு இடம் போதாது. இன்ஜினியரிங் போகிறவர்களுக்கென்று அசோசியேட் ஆஃப் சயின்ஸ் டிரான்ஸ்ஃபர், இரண்டாம் டிராக் என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். கெமிக்கல் இன்ஜினியரிங்குக்கு அதற்குள்ளேயே தனித் திட்டமும் உண்டு. ஏஜென்சி போட்டுவிட்டிருந்தது டி.டி.ஏ. "எந்த டிகிரியும் ஆகும்" என்று சொன்னவருக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தெரியவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு பிள்ளையின் இரண்டு வருஷத்தைக் கையில் வாங்குகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

அப்புறம் அந்த 20 கிரெடிட். வாஷிங்டன் யுனிவர்சிட்டியில் பட்டத்துக்கு 180 குவார்ட்டர் கிரெடிட் வேண்டும். அதில் இரண்டாண்டுக் காலேஜ்களிலிருந்து அதிகபட்சம் 90 வரைதான் எண்ணிக்கொள்கிறார்கள். விசாவுக்குக் குவார்ட்டருக்கு 12 எடுத்தாலே முழுநேர மாணவர் கணக்கு. "அப்போ இந்தப் பிள்ளை தூக்கத்தைக் கெடுத்து எடுத்ததெல்லாம் யாருக்காக?" என்று ஆச்சி கேட்டார். அடுத்த குவார்ட்டரிலிருந்து 15ஆகக் குறைத்தார்கள். பேத்தி அந்த 15ஐ நன்றாகப் படித்தாள், மதிப்பெண்ணும் ஏறியது. நல்ல பல்கலைக்கழகங்களில் டிரான்ஸ்ஃபருக்கு முதலில் பார்ப்பது அதைத்தான்.

பெரிய பெயர்களைப் பற்றியும் ஒரு நாள் உட்கார்ந்து பேசினோம். மாப்பிள்ளைக்கு ஹார்வர்டு மேல் கண். ஆச்சி மறுக்கவில்லை, நிலவரத்தைச் சொன்னார். ஹார்வர்டு டிரான்ஸ்ஃபரில் எடுப்பது ஆண்டுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு பேர் அளவில். பிரின்ஸ்டன் 1990இல் டிரான்ஸ்ஃபர் எடுப்பதையே நிறுத்திவிட்டு 2018இல்தான் மறுபடி தொடங்கியது. கார்னெல் மாதிரி நூற்றுக்கணக்கில் எடுக்கிற இடங்களும் இருக்கின்றன. கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்கள் டிரான்ஸ்ஃபர் பிள்ளைகளை நிறையவே எடுக்கின்றன, ஆனால் முன்னுரிமை கலிபோர்னியாக் கம்யூனிட்டி காலேஜ் பிள்ளைகளுக்கு. அவற்றில் ஆறு வளாகங்கள் தரும் உத்தரவாதச் சேர்க்கையும் அந்தக் காலேஜ் பிள்ளைகளுக்கே. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றும் அந்த உத்தரவாதத்தில் இல்லவே இல்லை. "உங்க பேத்தி இருக்கிறது வாஷிங்டன்ல. கலிபோர்னியாவுக்குப் போடலாம், ஆனா அதை நம்பி உட்காரக் கூடாது." இப்படிச் சொல்லக்கூடிய ஆள் கிடைப்பதுதான் அரிது. ஆசை காட்டிக் காசு வாங்குவது சுலபம்.

இனி வயது விஷயம். நாங்கள் எல்லோருமே பேத்தியின் வயதுதான் விண்ணப்பத்தின் பெரிய பலம் என்று எண்ணியிருந்தோம். உறவில் பார்க்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் மெச்சினார்கள். பேத்தி முதலில் எழுதிய கட்டுரையும் 16 வயதில் தனியாக விமானம் ஏறியதைப் பற்றியே இருந்தது. ஆச்சி அதை வாசித்துவிட்டு அப்படியே எடுத்து வைத்தார். "உன் வயசு விண்ணப்பத்துல பிறந்த தேதியா முதலிலேயே இருக்கு. படிக்கிறவங்களுக்கு அதைப் பார்த்ததும் ஒரே கேள்விதான் வரும். இருபது வயசுப் பிள்ளைங்களோட மூணாம் வருஷ லேபுல இந்தப் பொண்ணு தாக்குப் பிடிக்குமா? அதுக்குப் பதில் இருக்கிற மாதிரி எழுது ஆத்தா."

பேத்திக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் அடுத்து எழுதியதுதான் அவள் எழுதியதிலேயே நல்லது. சின்ன வயதிலிருந்து செப்டம்பரில் சிக்ரியைத் திறந்து விடும்போதெல்லாம் அவளை நான் கூட்டிப் போவேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அறிவியல் என்றாலே அந்தக் கட்டடங்கள்தான். அங்கே துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வரிசையாக வைத்துக் காட்டியிருந்த மேஜையையும், அதையே காலேஜ் லேபில் தானே செய்து பார்த்தபோது முதலில் தப்பாக வந்த அளவுகளையும், குழுவில் தன்னைவிடப் பெரியவர்களோடு சேர்ந்து அதைச் சரிசெய்ததையும் எழுதினாள். வயது பற்றி ஒரு வரி இல்லை. ஆச்சி ஒரு வாக்கியம்கூட எழுதிக் கொடுக்கவில்லை. 'இங்கே எனக்குப் புரியலை' என்று பென்சிலால் ஓரத்தில் கோடு மட்டும் போடுவார். கலிபோர்னியா விண்ணப்பத்தில் ஒவ்வொரு பதிலும் 350 சொல்லுக்குள் இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் பிள்ளைகளுக்கு, எடுக்கப்போகும் துறைக்கு எப்படித் தயாரானாய் என்ற கேள்வி கட்டாயம், மீதி ஏழில் மூன்று அவர்கள் விருப்பம். அந்தக் கட்டாயக் கேள்விக்கு இந்தத் துருக்கதையே போய் உட்கார்ந்தது.

சான்றிதழ் வேலைகளிலும் வயது குறுக்கே வந்தது. டிரான்ஸ்ஃபர் என்றாலும் சில பல்கலைக்கழகங்கள் பள்ளி மதிப்பெண்ணும் கேட்கின்றன. இங்கே பத்தாவதோடு கிளம்பிய பிள்ளைக்கு ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பட்டியல்தான் உண்டு. அதைப் பள்ளியிலிருந்து உறையில் போட்டு, ஒட்டிய மடிப்பின் மேல் தலைமை ஆசிரியர் கையெழுத்தும் முத்திரையும் பாதி உறை மேல், பாதி மடிப்பு மேல் விழும்படி வாங்க வேண்டும் என்று ஆச்சி ஒரு பழைய உறையைக் காட்டியே சொல்லிக் கொடுத்தார். பள்ளி எழுத்தரும் பொறுமையாக அப்படியே செய்து தந்தார். கூடவே, இரண்டு சான்றிதழையும் ஒன்றாக முடிக்கும் அந்தத் திட்டத்தை விளக்கிக் காலேஜிலிருந்து ஒரு கடிதம். அது இல்லாவிட்டால், 'பிளஸ் டூ எங்கே?' என்று கேள்வி வரும்.

ஒரு விஷயம் எனக்கு அதிர்ச்சியாகவே இருந்தது. பேத்தியின் மதிப்பெண்ணைக் கேட்டு மகள் காலேஜுக்குப் போன் செய்தபோது சொல்ல மறுத்துவிட்டார்கள். பதினாறு வயதுப் பெண்ணின் தாய்க்கே சொல்ல மாட்டோம் என்றால் என்ன அர்த்தம் என்று வீட்டில் ஒரே கலவரம். ஆச்சி விளக்கினார். அமெரிக்காவில் 1974ஆம் வருஷத்து ஃபெர்பா சட்டப்படி, பிள்ளை கல்லூரியில் சேர்ந்துவிட்டால் வயது எதுவானாலும் படிப்புப் பதிவுகள் மீதான உரிமை பிள்ளைக்கே. பள்ளியில் இருந்திருந்தால் அதே பிள்ளையின் பதிவைப் பெற்றோர் பார்க்கலாம். கல்லூரியில் பிள்ளை சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் பேசுவார்கள். பேத்தி போட்டுக் கொடுத்தாள். ஆனால் ஆச்சி மகளிடம் தனியாகச் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது: "படிவம் இருக்குன்னு வாராவாரம் போன் பண்ணாதீங்க. நீங்க பண்ணப் பண்ண அங்க அவளைச் சின்னப் பிள்ளையாத்தான் பார்ப்பாங்க."

அதே நேரம் வேறு சில இடங்களில் அவள் கையெழுத்து மட்டும் செல்லாது. 18 நிறையாத பிள்ளையின் ஐ-20இல் (மாணவர் விசாவுக்காகக் காலேஜ் தரும் சேர்க்கைச் சான்று) பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். விடுதி ஒப்பந்தம், மருத்துவச் சம்மதப் படிவம் இரண்டுக்கும் பெற்றோர் கையெழுத்து. பேத்திக்கு 18 நிறைவது செப்டம்பரில், விடுதி ஒப்பந்தம் வந்தது அதற்குப் பல மாதம் முன்னே. ஆய்வுக்கூடங்களில் உதவியாளராகச் சேரவும் 18க்குக் கீழே என்றால் பல இடங்களில் தனி அனுமதி கேட்கிறார்கள். எந்தப் படிவம் எந்த மாதம் வரும் என்று ஆச்சி நோட்டின் கடைசிப் பக்கத்தில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்ததால், மாப்பிள்ளை கோலாலம்பூரிலிருந்து கையெழுத்துப் போட்டு அனுப்புவதெல்லாம் பதற்றம் இல்லாமல் நடந்தது.

பணத்தைப் பற்றி என் துறை என்பதால் நானே சொல்கிறேன். அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி பொதுவாகக் கிடையாது. வாஷிங்டன் யுனிவர்சிட்டியில் வெளியார் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 40,000 டாலருக்கு மேல், தங்குவதும் சாப்பாடும் தனி. முதல் இரண்டு வருஷத்தைக் கம்யூனிட்டி காலேஜில் கழிப்பதால் மிச்சப்படுவது பெரிய தொகைதான், ஆனால் மீதி இரண்டு வருஷத்துக்கு முதலிலேயே கையில் வழி இருக்க வேண்டும். கல்விக் கடன் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது, மைனர் போடும் ஒப்பந்தம் நம் சட்டத்தில் செல்லாது. வங்கி பெற்றோரிடம் கையெழுத்து வாங்கும், பிள்ளைக்கு 18 நிறைந்ததும் ஒப்புதல் கடிதம் வாங்கிக்கொள்ளும். அந்தத் தேதியை நீங்களே குறித்து வைத்துக்கொண்டு கிளைக்குப் போய்க் கொடுத்துவிடுங்கள், அடுத்த தவணை விடுவிக்கும்போது நிறுத்தி வைக்க மாட்டார்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ஒருவருக்கு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரம்பு. 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம் ரூபாய் வரை டி.சி.எஸ். (அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடிப்பதில்லை, அதற்கு முன் 7 லட்சம். வங்கிக் கல்விக் கடனிலிருந்து நேராக அனுப்பினால் அறவே இல்லை. கையில் பணம் இருந்தும் கடன் வழியாக அனுப்புவது லாபமா என்று ஒரு ஆடிட்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆச்சி இதில் தலையிட மாட்டார். 'பணக் கணக்கு உங்க வங்கியில கேளுங்க' என்று விட்டுவிடுவார். முதல் முறையாக வெளிநாட்டுக்கு அனுப்பும் குடும்பங்களுக்கு அது குறைதான். விசா நேர்காணலுக்குப் பயிற்சி கொடுப்பதும் இல்லை.

முடிவு வந்த பிறகு இருந்த வேலையும் சின்னதல்ல. வாஷிங்டன் யுனிவர்சிட்டி சியாட்டில் வளாகத்தில் கெமிக்கல் இன்ஜினியரிங் கிடைத்தது. கலிபோர்னியாவில் போட்ட இரண்டு இடமும் கிடைக்கவில்லை, ஆச்சி சொன்னது போலவேதான். கிடைத்ததும் செவிஸ் பதிவை (அமெரிக்க அரசு வெளிநாட்டு மாணவர்களுக்கு வைத்திருக்கும் கணினிப் பதிவு) பழைய காலேஜிலிருந்து புதிய இடத்துக்கு மாற்ற வேண்டும். பழைய காலேஜின் வெளிநாட்டு மாணவர் அதிகாரியிடம் ஒரு தேதி கொடுக்க வேண்டும். அந்தத் தேதி வரைதான் பதிவு அவர்கள் கையில். அது கடந்தால் புதிய இடத்தின் கைக்குப் போய்விடும், அதன் பிறகே புதிய ஐ-20 வரும். பழைய காலேஜ் வளாகத்தில் வேலை பார்க்கும் பிள்ளையாக இருந்தால் அந்தத் தேதியோடு வேலையையும் நிறுத்த வேண்டும். பேத்தி காலேஜ் டியூட்டரிங் சென்டரில் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதனால் கடைசித் தேர்வும் கடைசிச் சம்பளமும் முடிந்த பிறகு வரும் தேதியாகப் பார்த்து வைக்கச் சொன்னார். விசா செல்லுபடியாகும் காலம் இருந்தால் காலேஜ் மாறியதற்காகப் புது விசா எடுக்க வேண்டியதில்லை.

அது 2025ஆம் வருஷம் என்பதை நினைவில் வையுங்கள். ஏப்ரலில் பல வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் பதிவுகள் திடீரென்று நீக்கப்பட்டு, வழக்குகள் போட்ட பிறகு திரும்பச் சேர்க்கப்பட்டன. மே கடைசியில் மாணவர் விசாவுக்குப் புது நேர்காணல் நேரம் கொடுப்பதையே நிறுத்தி வைத்து, ஜூனில்தான் மறுபடி ஆரம்பித்தார்கள். நாங்கள் முன்னோரைக் கும்பிடும் வீட்டுப் படைப்புக்குப் பேத்தியை வரவழைக்க டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆச்சி, "மாற்றம் முழுசா முடிஞ்சு புது ஐ-20 கைக்கு வரட்டும் அண்ணே, அதுவரைக்கும் அசைய வேண்டாம்" என்று நிறுத்திவிட்டார். என் மனைவிக்கு அதில் வருத்தம்தான். படைப்பன்று வீடியோவில் பேத்தி பாவாடை தாவணி கட்டிக்கொண்டு அங்கிருந்தே விழுந்து கும்பிட்டாள். ஆயாவுக்கும் பேத்திக்கும் ஒரே அழுகை. ஆனாலும் ஆச்சி சொன்னது சரி என்றுதான் இன்றும் சொல்வேன்.

குறைகளுக்கு வருகிறேன். காலை 10 மணிக்கு முன் போன் எடுக்க மாட்டார். சியாட்டிலில் அப்போது முந்தைய நாள் இரவு ஆகிவிடும், பிள்ளை தூக்கக் கலக்கத்தில் பேச வேண்டியிருந்தது. நவம்பரிலும் மார்ச்சிலும் விண்ணப்பக் கெடுக்கள் நெருங்கும்போது பதில் வரத் தாமதமாகும். வருஷத்துக்குச் சில பிள்ளைகளையே எடுக்கிறார், நிறைந்துவிட்டால் எவ்வளவு வேண்டியவர் சொன்னாலும் இல்லை. பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு, மென்மையாகச் சொல்லிப் பழக்கப்பட்ட பிள்ளைகள் முதலில் கலங்கிப் போவார்கள். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, மருத்துவப் படிப்பு எதுவும் பார்ப்பதில்லை. கட்டணம் முதல் அமர்வுக்கு 1,000 ரூபாய், தொடர்ந்தால் விண்ணப்பம் முடியும் வரை மொத்தம் 40,000, இரண்டு தவணையாகத் தரலாம். ரசீது கையால் எழுதித் தருகிறார்.

எங்களுக்குப் பிறகு போன இன்னொரு குடும்பத்தை, பிள்ளையோடு பேசிவிட்டு, 'இன்னும் ஒரு வருஷம் ஊர்ல படிக்கட்டும், பிளஸ் டூ முடிச்சிட்டுப் போகட்டும்' என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். அவர்களுக்குக் கோபம். எனக்கு அதைக் கேட்டு மரியாதை கூடியது. இவ்வளவு சின்ன வயதில் போகிற பிள்ளைக்கு எல்லாம் இருந்தும் மனசு தயாராக இல்லையென்றால், கணக்கில் எல்லாம் சரியாக வந்தும் பிள்ளை தனியாகக் கஷ்டப்படும். ஏற்கெனவே அங்கே சேர்ந்துவிட்ட பிள்ளையாக இருந்தால் முதல் குவார்ட்டர் முடிவதற்குள் போய்ப் பாருங்கள், இரண்டாம் வருஷம் போனால் ஆச்சியால்கூடப் பெரிதாக மாற்ற முடியாது. போகும்போது எடுத்த பாடங்களின் சிலபஸ், காலேஜ் கொடுத்த டிகிரித் திட்டம், பத்தாவது மதிப்பெண் பட்டியல் மூன்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். போன் திரையில் காட்டினால் பார்க்க மாட்டார். பிள்ளையைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், ஊரில் இல்லை என்றால் வீடியோவில் உட்கார வையுங்கள்.